அழித்த கோப்பு எங்கே இருக்கிறது?

"கம்ப்யூட்டர் போய்விட்டது, அதில் இருந்த போட்டோக்களும் போய்விட்டன" என்று வருந்துவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது செய்தி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பல வேளைகளில் உண்மை அன்று. மடிக்கணினி என்னும் கருவி பழுதடைவது வேறு. அதனுள் பதிந்துள்ள செய்தி அழிவது வேறு. விளக்கு அணைந்தால் அறையில் உள்ள பொருள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அவை அங்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

தமிழக அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினிகளை வழங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றுள் பல இன்று பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கின்றன. பாட்டரி செயலிழந்திருக்கும், திரை இருண்டிருக்கும், பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்குகூட எரியாது. ஆனால், இன்று உயிரோடு இல்லாத பாட்டியின் படமோ, ஒருவர் இரண்டாண்டு உழைத்து எழுதிய ஆய்வேடோ அதற்குள் இருக்கலாம். இவற்றை மீட்க முடியுமா? முடியும் என்றால், அதற்குக் காரணமான பௌதிகம் என்ன? இதையே இங்குக் காண்போம்.

தட்டும் காந்தமும்

பழைய மடிக்கணினிகளில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி அது. உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத்தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். தட்டின் மேல் கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் ஆகியவை கலந்த உலோகக் கலவை மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். நம் எழுத்தும் பாட்டும் படமும் இந்தப் படலத்தில்தான் பதிகின்றன.

படலம் ஒரே சீரான பரப்பு அன்று. 10 நானோமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள நுண்மணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பரப்பு அது. (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிக் காந்தம். அதன் வடமுனை மேல் நோக்கி இருக்கலாம், அல்லது கீழ் நோக்கி இருக்கலாம். சில மணிகள் சேர்ந்து ஒரு கூட்டமாகும். அக்கூட்டங்களின் திசை மாறுவதையும் மாறாதிருப்பதையும் கொண்டே கணினி 1, 0 என்ற இரண்டு எண்களைக் குறித்துவைக்கிறது. 500 கிகாபைட் கொள்ளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 80 கோடிக் குறிகள் இருப்பது தெரியவரும். ஓர் எள்ளின் முதுகில் எத்தனை பக்கங்கள் எழுதலாம் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. தட்டின் ஆரம் சுமார் 3.2 சென்டிமீட்டர். எனவே அதன் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இவ்வாறு ஓடும் பரப்பிற்கு மேலே, 10 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அதனைத் தாங்கி நிற்பது தட்டோடு சேர்ந்து இழுபட்டு ஓடும் காற்றின் மெல்லிய படுகையே. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் இந்த இடைவெளியைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஊதுவத்திப் புகையின் ஒரு துகள்கூட இந்த முனைக்கு ஒரு பாறை.

இவ்வளவு நுண்ணிய காந்தங்களின் திசையைப் படிப்பது எப்படி? இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலத்தில் சில மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை பெரிதும் மாறுகிறது என்பதை 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். இந்தக் கண்டுபிடிப்பு வன்தட்டுக்குள் நுழைந்த பிறகே தட்டுகளின் கொள்ளளவு தாவி ஏறியது. அவ்விருவருக்கும் 2007-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

மின்சாரம் நின்றுவிட்டால் காந்தங்கள் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இங்கேதான் நம் கேள்விக்குரிய விடையின் முதற்பகுதி உள்ளது. சட்டைப் பையில் வைத்த காந்தத்துண்டு மின்சாரத்தை நம்பியா காந்தமாக இருக்கிறது? அறை வெப்பத்தால் ஏற்படும் குலுக்கல் ஒரு மணியின் திசையைத் திருப்பிவிடாதவாறு, திருப்புவதற்கு வேண்டிய ஆற்றல் அந்தக் குலுக்கலின் ஆற்றலைப் போல ஐம்பது அறுபது மடங்கு இருக்கும்படி அப்படலம் செய்யப்படுகிறது. ஆகையால் பரணில் பல ஆண்டுகள் கிடந்த தட்டிலும் எழுத்து நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் நின்றால், காற்றுப் படுகை குலைந்து முனை தட்டின்மேல் விழுந்துவிடாதா? விழாது. தட்டின் சுழற்சி உடனே நிற்பதில்லை. அந்த உந்தத்தில் சுழலும் மோட்டார் அப்போது ஜெனரேட்டராகிறது. அதிலிருந்து கிடைக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டே முனை தட்டைவிட்டு வெளியேறித் தன் மேடையில் ஏறி ஒதுங்கிவிடுகிறது. பிளஸ் டூ பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதைவிட அழகாகப் பயன்படும் இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

பட்டாவும் புறம்போக்கும்

இனி, நாமே அழித்துவிட்ட கோப்பின் கதைக்கு வருவோம். ஒரு கோப்பை அழிக்கும்படி நாம் கட்டளையிட்டதும் கணினி அதன் காந்தக் குறிகளைத் தேடிச் சென்று துடைக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கணினி அவ்வளவு உழைப்பதில்லை.

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மனை யாருடையது என்பதற்கு ஒரு பதிவேடு உண்டு. ஒருவருடைய பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, அந்த மனையைப் புறம்போக்கு என்று எழுதிவிட்டால் அங்கிருக்கும் வீடு அக்கணமே இடிந்துவிடுமா? வீடு அப்படியே நிற்கும். வேறொருவர் அந்த இடத்தில் கட்ட வரும் வரைக்கும் நிற்கும். வன்தட்டிலும் இத்தகைய பதிவேடு ஒன்று உள்ளது. கோப்பின் பெயர் என்ன, அது எந்தெந்த மனையில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பனவெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய டாஸ் முறையிலும், இன்றும் பல பென் டிரைவ்களிலும் பயன்படும் 'ஃபேட்' என்னும் பதிவேட்டில், கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரின் முதல் எழுத்தை மாற்றி 229 என்ற எண்ணை அங்கே இடுவதும், அது இருந்த மனைகளைக் 'காலி' என்று குறிப்பதுமே. எஞ்சிய எழுத்துகளைக்கூட அது தொடுவதில்லை! விண்டோஸின் பிற்காலப் பதிவேடான 'என்.டி.எஃப்.எஸ்.' வேறு விதமாக அமைந்தது. ஆனால் தத்துவம் இதுவே. விரைவாகச் செய்யும் 'ஃபார்மட்' என்பதும் பழைய பதிவேட்டை விலக்கிப் புதிய வெற்றுப் பதிவேட்டை வைப்பதுதான்.

பதிவேடே சிதைந்து போனாலும் வழி உண்டு. வீட்டை அதன் வாசலைக் கொண்டே அடையாளம் காணலாம் அல்லவா? ஜேபெக் வகைப் படம் எதுவாயினும் அதன் தொடக்கத்தில் 255, 216, 255 என்ற மூன்று எண்கள் வரிசையாக நிற்கும். பி.டி.எஃப். கோப்புகளுக்கும் இப்படி ஒரு தொடக்க அடையாளம் உண்டு. மீட்பு மென்பொருள் தட்டின் முதல் மனையிலிருந்து கடைசி மனை வரை நடந்து, இந்த வாசல்களைத் தேடுகிறது. வாசல் கிடைத்ததும் அங்கிருந்து வரிசையாகப் பிரதி எடுத்துக்கொள்கிறது. இம்முறையில் மீண்ட படங்களுக்குப் பழைய பெயர் இராது. ஆயிரக்கணக்கில் எண்ணிட்ட கோப்புகள் வந்து குவியும். உட்கார்ந்து பொறுக்க வேண்டியதுதான். ஒரே கோப்பு நான்கைந்து இடங்களில் துண்டு துண்டாகக் கிடந்தால் மீட்பு பாதியில் நிற்கும். மேல் பாதியில் முகமும் கீழ்ப் பாதியில் சாம்பல் நிறமுமாக மீண்டு வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வானிலிருந்து விழுந்த தட்டு

வன்தட்டில் பதிந்த செய்தி எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2003-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் தரைக்குத் திரும்பும் வழியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திற்கு மேலே சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு விண்வெளி வீரர்களும் மாண்டனர். சிதறிய பொருள்களைத் தேடிப் பொறுக்கியபோது, கருகிப்போன ஒரு வன்தட்டும் கிடைத்தது. அதன் கொள்ளளவு சில நூறு மெகாபைட் மட்டுமே. பிளாஸ்டிக் உருகியிருந்தது. தூசு புகாதபடி காக்கும் அடைப்பும் உருகி, உள்ளே அழுக்கு நுழைந்திருந்தது.

அந்தத் தட்டில் இருந்தது என்ன? செனான் என்ற மந்த வாயுவைப் பற்றிய ஒரு சோதனையின் அளவீடுகள். ஏறத்தாழ 16.6 டிகிரி செல்சியஸில், உரிய அழுத்தத்தில், செனான் திரவமா வாயுவா என்று சொல்ல முடியாத ஒரு நிலையை அடைகிறது. இதை மாறுநிலை என்பர். பெயிண்ட்டைப் பிரஷ்ஷால் இழுக்கும்போது அதன் பாகுத்தன்மை குறைந்து இளகுகிறது. ஆனால் சுவரில் பட்டபின் வழியாமல் நிற்கிறது. நீண்ட மூலக்கூறுகள் கொண்ட திரவங்களில் இது காணக்கூடியதே. ஒற்றை அணுக்களால் ஆன எளிய செனானும் மாறுநிலைக்கு அருகில் இவ்வாறு நடந்துகொள்ளுமா? கொள்ளும் என்றது கொள்கை. ஆனால் தரையில் சோதித்துப் பார்க்க வழியில்லை. மாறுநிலையில் செனான் தன் எடையாலேயே அடியில் நெருங்கி, மேலே தளர்ந்துவிடும். ஆகவேதான் எடையற்ற வெளிக்கு அதை அனுப்பினர். அளவீடுகளில் ஒரு பகுதி மட்டுமே பயணத்தின்போது வானொலி வழியே தரைக்கு வந்திருந்தது.

கருகிய தட்டை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள கிரோல் ஆன்ட்ராக் என்ற மீட்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். மின்னணுப் பாகங்கள் எவையும் பயன்படும் நிலையில் இல்லை. ஆனால் வட்டத்தட்டுகள் வளையவில்லை. அவற்றை வேதிக் கரைசலால் கழுவி, வேறொரு வன்தட்டின் உடலில் பொருத்திச் சுழலவிட்டார்கள். 99 விழுக்காடு செய்தி மீண்டது!

இதற்கு அதிர்ஷ்டமும் உதவியது என்பதை மறைக்கக் கூடாது. தட்டில் பாதிதான் எழுதப்பட்டிருந்தது. கீறல்களும் குழிகளும் விழுந்தது எழுதப்படாத பகுதியில். அக்கணினி பழைய டாஸ் முறையில் இயங்கியது. டாஸ் முறை கோப்புகளைத் தட்டெங்கும் இறைக்காமல் பெரும்பாலும் ஓரிடத்திலேயே அடுக்கிச் செல்லும். கொலம்பியாவிலிருந்து கிடைத்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து ஒன்றும் மீளவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். வெப்பமும் இங்கு முக்கியமானது. எந்தக் காந்தமும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் தன் காந்தத்தை இழந்துவிடும். அதுவே கியூரி வெப்பநிலை. தூய கோபால்ட்டுக்கு அது 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கலவைகளில் அதைவிடக் குறையும். படிக்க முடிந்தது என்பதிலிருந்தே அந்தத் தட்டு அவ்வளவு சூட்டை எட்டவில்லை என்று அறிகிறோம். செனான் சோதனையின் முடிவு 2008-இல் 'பிசிக்கல் ரிவியூ இ' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. கொள்கை கூறியவாறே, வேகமாகக் கலக்கியபோது செனான் இளகியிருந்தது.

செய்யவேண்டியதும் கூடாததும்

விண்ணிலிருந்து விழுந்ததே மீளும்போது, பரணில் இருப்பது எம்மாத்திரம்? எங்கள் கல்லூரியில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் மடிக்கணினி உயிரற்றுப் போயிற்று. "எல்லாம் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். மூன்றாண்டு அளவீடுகள் அதில் இருந்தன. பழுது தாய்ப்பலகையில்தான், வன்தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்ததும் அத்தனை கோப்புகளும் திரையில் வந்து நின்றன. கணினி இயங்கவில்லை என்ற புகார்களில் இப்படிப்பட்டவை மிகுதி.

செய்முறை கடினமானதன்று. மின்னிணைப்பை எடுத்து, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதையும் எடுத்துவிட வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கத்து மூடியின் திருகுகளைத் திருப்புளியால் கழற்றினால் வன்தட்டு தெரியும். அதைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் சாட்டா என்னும் இணைப்பிலிருந்து விடுபடும். கடைகளில் கிடைக்கும் சாட்டா–யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்றின் வழியே அதை வேறு கணினியில் செருகலாம். மிகப் பழைய மடிக்கணினிகளில் இரண்டு வரிசை ஊசிகள் கொண்ட ஐ.டி.இ. இணைப்பு இருக்கும், அதற்கு வேறு இணைப்பான் வேண்டும். செருகியதும் "இந்தத் தட்டை ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பதிவேட்டைப் படிக்க முடியவில்லை என்பதே அக்கேள்வியின் பொருள்.

கடவுச்சொல் மறந்துவிட்டதே என்று சிலர் கவலைப்படுவார்கள். விண்டோஸில் நுழையும்போது கேட்கும் சொல் வாசற்கதவின் பூட்டு மட்டுமே; தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைப்பது கொல்லைப்புறமாக நுழைவது போன்றது. ஆனால் 'பிட்லாக்கர்' போன்ற மறைகுறியீட்டு முறையால் தட்டு முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் கதை வேறு. அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய இயலாது.

அழித்த கோப்புகளை மீட்பதாயின் முதல் விதி, அந்தத் தட்டில் இனி எதையும் எழுதக் கூடாது என்பது. மீட்பு மென்பொருளையே அதில் நிறுவுகிறவர்கள் உண்டு. தேடும் வீட்டின் மேலேயே புதுவீடு கட்டுவதற்கு அது சமம். முறையான வழி, முதலில் தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு பெரிய தட்டில் நகல் எடுப்பது. பிறகு அசலை எடுத்து வைத்துவிட்டு நகலில் தேடுவது. 'ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேகமாகப் படித்துக்கொண்டு, முரண்டு செய்யும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. தட்டு இறந்துகொண்டிருந்தால் இந்த வரிசைமுறையே நம்மைக் காப்பாற்றும். நகலில் தேட 'ஃபோட்டோரெக்', 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள்கள் போதும்.

தட்டைச் செருகியதும் 'டக், டக்' என்று ஒரே சீரான ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் தடுமாறும் ஓசை அது. சிதைந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்கலாம். படலம் போனால் செய்தி போயிற்று. கழுவி மீட்க அங்கே எதுவும் மிஞ்சாது. இந்த நிலையில் தட்டை வீட்டில் திறந்து பார்ப்பது தற்கொலை. தூசற்ற அறையும் மாற்று முனைகளும் உள்ள நிபுணர்களிடமே கொடுக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால், உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்று முதலில் யோசித்துக்கொள்வது நல்லது. பாலித்தீன் பையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற ஒரு கைவைத்தியமும் உலவுகிறது. குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளும் நீர்த்துளியாகப் படியும். 10 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு நீர்த்துளி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவர் கவனிக்க

மீட்பது இவ்வளவு எளிது என்றால், நம் பழைய கணினியை வாங்குபவருக்கும் அது எளிதுதானே? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இருவர் பழைய வன்தட்டுகள் 158 வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். படிக்க முடிந்த 129-இல் முழுமையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், நோயாளிகளின் குறிப்புகளும், அந்தரங்கக் கடிதங்களும் இருந்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள்.

உண்மையாக அழிப்பதற்கு மனைகள் அனைத்தின் மேலும் புதிதாக எழுத வேண்டும். ஒரு முறை எழுதினால் போதுமா? அடியில் பழைய காந்தத்தின் சுவடு எஞ்சும் என்று கருதி 35 முறை எழுதும் ஒரு திட்டத்தைப் பீட்டர் குட்மன் 1996-இல் வெளியிட்டார். அது அக்காலத்துப் பலவகைத் தட்டுகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. பிற்காலத் தட்டுகளில், 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று நுண்ணோக்கியின் துணையோடு முயன்றும், ஒரு முறை மேலெழுதிய கோப்பைப் பயன்படும்படி மீட்க முடியவில்லை. ஆகவே தட்டு முழுவதும் சுழியங்களை ஒரு முறை நிரப்பினால் போதும். இரவில் தொடங்கினால் காலைக்குள் முடிந்துவிடும்.

இதுவரை கூறியதெல்லாம் சுழலும் தட்டுக்கு. அண்மைக்கால மடிக்கணினிகளில் தட்டும் இல்லை, காந்தமும் இல்லை, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுகளில் மின்காப்பிட்ட நுண்ணறைகளுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறை வைத்தே செய்தியைப் பதிகிறார்கள். இவற்றில் ஓர் அறையைக் காலி செய்யாமல் மேலே எழுத முடியாது. அதனால், எந்த மனைகள் புறம்போக்காயின என்பதை இயங்குதளம் 'டிரிம்' என்ற கட்டளையால் சில்லுக்கு உடனே தெரிவித்துவிடுகிறது. சில்லு தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையிலேயே இடித்துத் தரைமட்டமாக்கிவிடுகிறது. விண்டோஸில் இந்த ஏற்பாடு 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்தது. சிறைப்பட்ட எலெக்ட்ரான்களும் மின்னிணைப்பு இல்லாத நிலையில் காலப்போக்கில் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். அறை சூடாக இருந்தால் இன்னும் விரைவாகக் கசியும். எனவே பரணில் இரண்டு வகை மடிக்கணினிகளும் கிடக்குமானால், எஸ்.எஸ்.டி. உள்ளதை முதலில் இறக்குங்கள். காந்தத் தட்டு இன்னும் சில நாள் பொறுக்கும்.